அகதி மாணவருக்கு உதவித்தொகை: கட்டணம் போக மீதிக் கணக்கு

பிளஸ் டூ முடிவுகள் வந்ததும் தமிழ்நாட்டின் இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்களில் வீட்டுக்கு வீடு ஒரு கணக்கு தொடங்கிவிடும். பிள்ளை கல்லூரிக்குப் போவதா, பெயிண்டிங் வேலைக்குப் போவதா? முகாம் ஆண்களில் பெரும்பகுதியினர் ஏன் பெயின்டர்களாக இருக்கிறார்கள் என்று கேட்டால் யாரும் யோசிக்காமல் பதில் சொல்வார்கள். அந்த வேலைக்கு எவரும் பாஸ்போர்ட் கேட்பதில்லை. மேஸ்திரி ஆள் சேர்த்துக் கூட்டிப் போவார், மாலையில் கூலி கையில் வரும். அப்பாவோடு போய்ப் பழகிய பையனுக்குப் பதினெட்டு வயதில் அது தெரிந்த தொழில்.

கணக்கைக் காகிதத்தில் போட்டே பார்க்கலாம். 2021இல் உயர்த்தப்பட்ட அளவின்படி அரசு தரும் மாதாந்திரப் பணக்கொடை குடும்பத் தலைவருக்கு 1,500 ரூபாய், மற்றப் பெரியவர்களுக்கு ஆளுக்கு 1,000, குழந்தைகளுக்கு 500. தாய், தந்தை, பிளஸ் டூ முடித்த மகன், ஒரு சிறு பெண் என்றால் வீட்டுக்கு மாதம் 4,000 ரூபாய். மகன் பெயிண்டிங் வேலைக்குப் போய், நாள் கூலி 750 ரூபாய் என்றும் மாதம் இருபது நாள் வேலை என்றும் வைத்துக்கொண்டால் 15,000 ரூபாய் வரும். மூன்றாண்டுப் பட்டப்படிப்புக் காலத்தில் அந்தக் குடும்பம் இழக்கும் வருமானம் ஐந்து லட்சத்து நாற்பதாயிரம். அதே மூன்றாண்டில் கலை அறிவியல் படிப்புக்கு அரசு தரும் உதவித்தொகை, ஆண்டுக்கு 12,000 வீதம், 36,000 ரூபாய்.

உதவித்தொகையைக் குறைத்துச் சொல்வதற்காக இந்த ஒப்பீட்டைச் செய்யவில்லை. அந்த 36,000 இல்லாவிட்டால் பல பிள்ளைகள் கல்லூரி வாசலையே மிதித்திருக்க மாட்டார்கள். ஆனால் அகதி மாணவருக்கு உதவித்தொகை என்று அரசுகளும் அறக்கட்டளைகளும் பேசும்போது மனதில் இருப்பது பெரும்பாலும் கல்விக் கட்டணம். அந்த மாணவரைத் தடுப்பவை பல; கட்டணம் அவற்றில் ஒன்றுதான். குடும்பம் இழக்கும் கூலி, கையில் இல்லாத ஆவணம், பட்டம் வாங்கிய பிறகு தெரியாத வழி ஆகிய மூன்றும் கட்டணத்தை விடக் கனமானவை. ஓர் உதவித்தொகைத் திட்டத்தின் தரத்தை இவை மூன்றுக்கும் அது என்ன செய்கிறது என்பதை வைத்தே அளக்க வேண்டும் என்பது என் கருத்து.

முகாம்களில் உயர்கல்வி வேர் பிடித்த கதை எளிதானதல்ல. 1983 ஜூலைக் கலவரத்துக்குப் பிறகு படகேறி வந்தவர்கள் தொடங்கி, 2012 வரை மூன்று லட்சத்துக்கும் மேற்பட்டோர் தமிழ்நாட்டில் தஞ்சம் புகுந்தனர். பலர் திரும்பிப் போனார்கள், சிலர் வேறு நாடுகளுக்குப் போனார்கள். 2021இல் அரசு சட்டமன்றத்தில் தந்த கணக்கின்படி நூற்றுக்கும் மேற்பட்ட முகாம்களில் சுமார் 58 ஆயிரம் பேரும், முகாமுக்கு வெளியே காவல் நிலையங்களில் பதிவு செய்துகொண்டு சுமார் 34 ஆயிரம் பேரும் இருந்தனர். இலங்கைத் தமிழர் தலைவர் தந்தை செல்வாவின் மகன் எஸ்.சி. சந்திரஹாசன் 1984இல் தொடங்கிய ஈழ ஏதிலியர் மறுவாழ்வுக் கழகம், ஆரம்பத்திலிருந்தே கல்வியை நிவாரணத்தின் ஒரு பகுதியாக வைத்தது. அரிசியும் பாயும் எவ்வளவு அவசரமோ பள்ளிக்கூடமும் அவ்வளவு அவசரம் என்று அவர்கள் நினைத்தார்கள். முகாமில் படித்த அக்காக்களும் அண்ணன்களும் மாலையில் சிறுவர்களை உட்காரவைத்துப் பாடம் சொல்லிக் கொடுக்கும் வழக்கம் அப்படித்தான் பரவியது.

1991இல் ராஜீவ் காந்தி கொல்லப்பட்ட பிறகு எல்லாம் மாறியது. தொண்டு நிறுவனங்கள் முகாமுக்குள் போக முடியவில்லை. அகதிப் பிள்ளைகளுக்கு இருந்த கல்விச் சலுகைகள் நின்றன. அந்த ஆண்டுகளில் பள்ளி முடித்தவர்கள் இன்று ஐம்பது வயதை எட்டிக்கொண்டிருப்பார்கள். யாரோ செய்த கொலைக்கு அவர்களின் கல்லூரிப் பருவம் விலையாகப் போனது. 1996இல் ஆட்சி மாறிய பின்பே கதவுகள் மெல்லத் திறந்தன. அரசு விரும்பினால் கொடுக்கலாம், விரும்பாவிட்டால் ஒரே உத்தரவில் எடுத்துவிடலாம் என்ற நிலையில் இருப்பதைச் சலுகை என்றுதான் சொல்ல முடியும், உரிமை என்று சொல்ல முடியாது. முகாம் கல்வியின் வரலாறு முழுவதும் இந்த வேறுபாடு தொடர்ந்து வருகிறது.

2021 ஆகஸ்ட் 27 அன்று முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் சட்டமன்றத்தில் அறிவித்த 317.40 கோடி ரூபாய்த் திட்டத்தை இந்தப் பின்னணியில்தான் பார்க்க வேண்டும். பழுதடைந்த 7,469 வீடுகளைக் கட்டித் தருவது அதில் பெரிய செலவு. கல்விக்கான பகுதி தொகையில் சிறியது என்றாலும் யோசித்துச் செய்யப்பட்டது. பாலிடெக்னிக் மாணவருக்கு ஆண்டுக்கு 2,500 ரூபாயாக இருந்தது 10,000 ஆனது, இளநிலை கலை அறிவியலுக்கு 3,000 என்பது 12,000 ஆனது, தொழிற்படிப்புகளுக்கு 5,000 என்பது 20,000 ஆனது. பொறியியலில் மதிப்பெண் வரிசையில் முதல் 50 மாணவர்களுக்குக் கல்விக் கட்டணத்தோடு விடுதிக் கட்டணத்தையும் அரசே ஏற்கும் என்றும், முதுநிலை படிப்போர் அனைவருக்கும் அவ்வாறே என்றும் அறிவிக்கப்பட்டது. அதையொட்டி ‘அகதிகள் முகாம்’ என்ற பெயரும் ‘இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்’ என்று மாறியது.

விடுதிக் கட்டணம் சேர்ந்தது சிறிய செய்தி போலத் தோன்றும். முகாம் நடைமுறை தெரிந்தவர்களுக்கு அதன் அருமை புரியும். முகாமில் குறித்த நாட்களில் ஆள் கணக்கெடுப்பு உண்டு, மக்கள் வாயில் அது ‘செக்கிங்’. அன்று ஆள் இருக்க வேண்டும், இல்லையென்றால் பணக்கொடை நிற்கும் என்பது நெடுங்கால வழக்கம். வெளியூரில் தங்கிப் படிக்க முன் அனுமதி வேண்டும். அதனால் எந்தக் கல்லூரி நல்ல கல்லூரி என்று பார்ப்பதற்கு முன், காலையில் போய் மாலையில் திரும்பி வரக்கூடிய தூரத்தில் எது இருக்கிறது என்று பார்ப்பதே பெற்றோரின் முதல் வேலையாகிவிடும். மாவட்டத்தின் ஓரத்தில், பஸ் குறைவாக வரும் இடத்தில் இருக்கும் முகாமுக்கு அப்படிப்பட்ட கல்லூரி ஒன்றோ இரண்டோதான். விடுதிச் செலவை ஏற்று, தங்கிப் படிக்கும் அனுமதியையும் தாமதமின்றிக் கொடுத்தால் அந்தப் பிள்ளைக்கு மாநிலம் முழுவதும் திறந்துவிடும். பொறியியல் கலந்தாய்விலும் இலங்கைத் தமிழ் அகதி மாணவர்களுக்கு விண்ணப்பிக்க இடம் இருக்கிறது. ஐம்பது பேர் என்ற வரம்பை மட்டும் ஏன் வைத்தார்கள் என்பது எனக்கு விளங்கவில்லை. ஐம்பத்தோராவது மாணவரின் வீட்டிலும் அதே செக்கிங், அதே பணக்கொடை.

அகதிகளின் உயர்கல்வி பற்றிச் சர்வதேசச் சட்டம் பேசாமல் இல்லை. 1951ஆம் ஆண்டின் அகதிகள் உடன்படிக்கையின் 22ஆவது பிரிவு, தொடக்கக் கல்வியில் அகதிகளைச் சொந்தக் குடிமக்களைப் போலவே நடத்த வேண்டும் என்கிறது. அதற்கு மேற்பட்ட கல்வியில், மற்ற வெளிநாட்டவருக்குக் கிடைப்பதைவிடக் குறையாமல், இயன்றவரை சாதகமாக நடத்த வேண்டும் என்று சொல்லி, வெளிநாட்டுச் சான்றிதழ்களை ஏற்பது, கட்டணத்தைத் தள்ளுபடி செய்வது, உதவித்தொகை வழங்குவது ஆகியவற்றைப் பெயர் சொல்லியே குறிப்பிடுகிறது. உலகப் போரின் இடிபாடுகளுக்கு நடுவே உட்கார்ந்து எழுதியவர்களுக்குக் கல்லூரிக் கட்டணம் வரை யோசிக்கத் தோன்றியிருக்கிறது. ஆனால் வாசகத்தைக் கவனியுங்கள்: தொடக்கக் கல்வி கட்டாயம், உயர்கல்வி ‘இயன்றவரை’. அந்தத் தளர்வான சொல்லுக்குள் நாடுகள் தாராளமாக ஒளிந்துகொண்டன. இந்தியா அந்த உடன்படிக்கையில் கையெழுத்திடவே இல்லை.

விளைவு எண்ணிக்கையில் தெரிகிறது. 2019 வாக்கில் உலகின் அகதி இளைஞர்களில் உயர்கல்வியில் சேர்ந்தவர்கள் 3 சதவீதம் என்று ஐ.நா. அகதிகள் உயர் ஆணையம் சொன்னது. அதற்கு முன் பல ஆண்டுகள் அது 1 சதவீதத்தில் நின்றிருந்தது. பின்னர் 7 சதவீதத்தைத் தொட்டது. எல்லா நாட்டு இளைஞர்களையும் சேர்த்த சராசரி 40 சதவீதத்துக்கு மேல். 2030க்குள் 15 சதவீதம் என்பது ஆணையமும் கூட்டாளிகளும் வைத்திருக்கும் இலக்கு. அதாவது, இலக்கை எட்டினாலும் மற்றவர்களின் பாதித் தூரம்கூட வராது.

இந்த முன்னேற்றத்தில் பங்குள்ள திட்டங்களில் முக்கியமானது ‘டாஃபி’ என்னும் உதவித்தொகை. தானும் அகதியாக ஜெர்மனியை விட்டு வெளியேறிய ஆல்பர்ட் ஐன்ஸ்டைனின் பெயரைத் தாங்கியது. ஜெர்மன் அரசின் பணத்தில் 1992இல் அகதிகள் ஆணையம் தொடங்கியது. ஐன்ஸ்டைனை விரட்டிய நாடு, அரை நூற்றாண்டு கழித்து அவர் பெயரில் அகதிகளைப் படிக்கவைக்கிறது என்பதை நான் ஒரு பரிகாரமாகவே மதிக்கிறேன். ஐம்பதுக்கும் மேற்பட்ட நாடுகளில் இருபதாயிரத்துக்கும் அதிகமானோர் இதில் படித்திருக்கிறார்கள்.

டாஃபியின் சிறப்பு இரண்டு. மாணவரைப் பணக்கார நாட்டுக்குக் கூட்டிப் போகாமல், தஞ்சம் புகுந்த நாட்டிலேயே, அங்குள்ள பல்கலைக்கழகத்திலேயே படிக்கவைக்கிறது. கென்யாவில் இருக்கும் சோமாலிய மாணவர் கென்யாவில் படிப்பார், பாகிஸ்தானில் இருக்கும் ஆப்கானிய மாணவர் பாகிஸ்தானில் படிப்பார். அதே செலவில் பலரைப் படிக்கவைக்க முடிகிறது, குடும்பமும் பிரிய வேண்டியதில்லை. இரண்டாவது, கட்டணத்தோடு நிற்காமல் புத்தகம், சாப்பாடு, போக்குவரத்து, தங்குமிடம் ஆகியவற்றுக்கும் பணம் தருகிறது. முதலில் போட்ட கணக்கில் இருந்த கூலி இழப்பை இது முழுவதும் ஈடுகட்டாது. ஆனாலும் படிக்கும் பிள்ளை வீட்டுக்குச் சுமையாக இருக்கும் நிலையைத் தவிர்க்கிறது. பட்டப்படிப்பில் சேர்ந்த ஏழை மாணவர்கள் பலர் பாதியில் நிற்பது வீட்டில் ஒரு நோயோ ஒரு கடனோ வரும்போதுதான். அந்த நேரத்தில் மாதாமாதம் கைக்கு வரும் பணம் செய்வதைக் கல்லூரிக் கணக்கில் நேராகச் செலுத்தப்படும் கட்டணம் செய்யாது.

முகாம்வாழ் இலங்கைத் தமிழருக்கு இந்தத் திட்டம் ஏன் கைகொடுக்கவில்லை என்ற கேள்வி எழும். இந்தியாவில் அகதிகள் இரண்டு வகையாகப் பிரிந்து கிடக்கிறார்கள். ஆப்கானியர், மியான்மரிலிருந்து வந்தோர் போன்றவர்கள் டெல்லியில் ஐ.நா. ஆணையத்திடம் பதிவு செய்கிறார்கள். இலங்கைத் தமிழரும் திபெத்தியரும் நேராக அரசின் பொறுப்பு. இலங்கைத் தமிழர் விஷயத்தில் ஆணையத்தின் வேலை, விரும்பித் தாயகம் திரும்புவோருக்கு உதவுவதோடு பெரும்பாலும் முடிந்துவிடுகிறது. அரசின் நேரடிப் பொறுப்பில் இருப்பதால் வீடும் ரேஷனும் பணக்கொடையும் கிடைக்கின்றன. டெல்லியில் வாடகை வீட்டில் அல்லாடும் ஆப்கானியருக்கு இவை கிடையாது. மறுபக்கம், சர்வதேச உதவிகள் வந்து சேரும் வாசல் தமிழருக்கு அடைபட்டுப்போகிறது.

பணம் பிரச்சினையே இல்லாத இடத்தில் என்ன நடக்கும் என்பதற்கு ஜெர்மனி சான்று. 2015க்குப் பிறகு சிரியாவிலிருந்து லட்சக்கணக்கானோர் அங்கு வந்தபோது, அரசுப் பல்கலைக்கழகங்களில் கட்டணம் ஏற்கெனவே கிட்டத்தட்ட இல்லை. அகதியாக ஏற்கப்பட்டவர்களுக்கு உள்நாட்டு மாணவருக்கான அரசு உதவியும் கிடைத்தது. ஆயினும் ஆயிரக்கணக்கானோர் மொழியில் முட்டிக்கொண்டு நின்றார்கள். பல்கலைக்கழகத்தில் சேரும் அளவுக்கு ஜெர்மன் மொழி கற்பதற்கே ஓராண்டு, இரண்டாண்டு ஆனது. அதற்கென்றே 2016இல் ஆயத்த வகுப்புகளுக்கான ‘இன்டெக்ரா’ திட்டத்தை டாட் என்னும் ஜெர்மன் கல்விப் பரிமாற்ற அமைப்பு தொடங்கியது. தமிழ்நாட்டுக்கு வந்தவர்களுக்கு இந்தத் துன்பம் இல்லை. தாய்மொழியிலேயே பள்ளி கிடைப்பது எல்லா அகதிகளுக்கும் வாய்ப்பதல்ல. முகாம் பிள்ளைகள் இவ்வளவு நெருக்கடிக்கு நடுவிலும் பெருமளவில் பட்டதாரிகளாகியிருப்பதற்கு அதுவும் முக்கியக் காரணம்.

ஆவணம் என்பது வேறொரு தடை. வீடு எரியும்போது மதிப்பெண் பட்டியலைத் தேடி எடுத்துக்கொண்டு ஓடியவர்கள் எத்தனை பேர் இருப்பார்கள்? ஐரோப்பாவில் 1997ஆம் ஆண்டின் லிஸ்பன் உடன்படிக்கை, சான்றிதழ் காட்ட முடியாத அகதியின் கல்வித் தகுதியையும் மதிப்பிட வழிசெய்ய வேண்டும் என்று நாடுகளைக் கட்டாயப்படுத்தியது. நார்வே அதற்கு நேர்காணல் முறையை உருவாக்கியது. என்ன படித்தீர்கள், எந்த நூலை, எந்த ஆய்வகத்தில், எப்படித் தேர்வு எழுதினீர்கள் என்று அந்தத் துறை தெரிந்தவர்கள் உட்கார்ந்து கேட்டு எழுதித் தருவார்கள். 2017இல் ஐரோப்பிய கவுன்சில் அதைப் பல நாடுகளும் ஏற்கும் ‘அகதிகளுக்கான தகுதிக் கடவுச்சீட்டு’ ஆக விரித்தது. முகாமில் பிறந்த பிள்ளையின் நிலைமை இதற்கு நேர்மாறானது. தமிழ்நாட்டு அரசுத் தேர்வுத் துறையின் மதிப்பெண் சான்றிதழ் கையில் பளபளவென்று இருக்கிறது. எந்த நாட்டுக் குடிமகன் என்ற கட்டத்தில் எழுத ஒன்றும் இல்லை. எம்பிபிஎஸ் போன்ற படிப்புகள் பெரும்பாலும் எட்டாக்கனியாக நிற்பது அந்த ஒரு கட்டத்தால்தான்.

அந்தக் கட்டத்தையும் சேர்த்து நிரப்பும் திட்டம் ஒன்று கனடாவில் இருக்கிறது. அது மாணவர்களே நடத்துவது என்பதால் எனக்கு அதன் மேல் தனி மரியாதை. கனடா உலகப் பல்கலைக்கழகச் சேவை அமைப்பு 1978இல் தொடங்கிய அகதி மாணவர் திட்டத்துக்கான பணத்தில் கணிசமான பகுதி மாணவர்களின் கட்டண ரசீதிலிருந்து வருகிறது. ஒரு கல்லூரி வளாகத்தில் மாணவர்கள் வாக்கெடுப்பு நடத்துவார்கள்: கென்யாவின் டடாப், ககூமா முகாம்களிலிருந்தோ மலாவியிலிருந்தோ ஒரு மாணவரை இங்கே கொண்டுவந்து படிக்கவைக்க, நாம் ஒவ்வொருவரும் ஆண்டுக்குச் சில டாலர் தரலாமா? பெரும்பான்மை சம்மதித்தால் அந்தத் தொகை எல்லார் கட்டணத்திலும் சேர்ந்துவிடும். பல்லாயிரம் மாணவர்கள் கொடுக்கும் சில டாலர்கள் சேர்ந்து ஒரு மாணவரின் முதலாண்டுச் செலவு முழுவதையும் தாங்குகின்றன. வளாகத்தின் மாணவர் குழுவே விமான நிலையத்துக்குப் போய் அழைத்து வரும். அறை பார்த்துக் கொடுத்து, வங்கிக் கணக்கு தொடங்கவைத்து, முதல் பனிக்காலத்துக்குக் கோட்டு வாங்கிக் கொடுப்பதும் அவர்கள் வேலைதான்.

வருகிறவர் மாணவர் விசாவில் வருவதில்லை. மீள்குடியமர்த்தப்படும் அகதியாக, நிரந்தர வசிப்புரிமையோடு இறங்குகிறார். படிப்பு நடுவில் தடுமாறினாலும் யாரும் திருப்பி அனுப்ப முடியாது. படிப்பு முடிந்ததும் வேலை தேடலாம், உரிய காலத்தில் குடியுரிமைக்கு விண்ணப்பிக்கலாம். கட்டணம், வாழ்க்கைச் செலவு, ஆவணம், பட்டத்துக்குப் பிறகான வழி ஆகிய எல்லாவற்றையும் ஒரே திட்டத்தில் முடிச்சுப் போட்டிருக்கிறார்கள். 2019 முதல் இத்தாலியப் பல்கலைக்கழகங்கள் நடத்தும் ‘யூனிகோர்’ திட்டமும் ஆப்பிரிக்க நாடுகளில் தஞ்சமடைந்தவர்களை அழைத்துப் போய்ப் படிக்கவைக்கிறது.

கனடாத் திட்டத்தின் குறை எண்ணிக்கை. ஆண்டுக்கு நூற்றுச் சொச்சம் பேர். லட்சக்கணக்கானோர் வாழும் முகாம்களிலிருந்து நூற்றுச் சொச்சம் பேரைத் தேர்ந்தெடுக்கும்போது, முகாமின் மிகச் சிறந்த மாணவர் கடல் கடந்து போகிறார், அவருக்கு அடுத்த மதிப்பெண் எடுத்தவர் அங்கேயே இருக்கிறார். கிடைத்தவர்களுக்கும் தம்பி தங்கைகளை முகாமில் விட்டுவிட்டு வந்த பாரம் இருக்கும். அதனால் டாஃபி போன்ற திட்டங்களுக்கு இது மாற்றாகாது. இரண்டும் வேண்டும்.

தமிழ்நாட்டுக்குத் திரும்பினால், கட்டணம் என்ற தடை 2021க்குப் பிறகு பெருமளவு தணிந்திருக்கிறது. இப்போது முட்டுவது பட்டத்துக்குப் பிறகான வழியில். அரசு வேலைக்கு விண்ணப்பிக்க முடியாது. தனியார் நிறுவனத்தின் வளாக நேர்காணலில் எல்லாச் சுற்றும் தாண்டி வந்தவர், பாஸ்போர்ட் எண் கேட்கும் படிவத்தில் நின்றுவிடுகிறார். பொறியியல் பட்டம் பெற்றுவிட்டுப் பெயின்ட் வாளி தூக்கும் இளைஞர்களைப் பற்றிப் பத்திரிகைகள் பலமுறை எழுதிவிட்டன. இதில் கொடுமை, அந்த ஒரு இளைஞரின் ஏமாற்றத்தோடு அது முடிவதில்லை என்பதுதான். அடுத்த வீட்டில் பிளஸ் டூ படிக்கும் பையன் அவரைப் பார்த்துக்கொண்டிருக்கிறான். படித்த அண்ணனும் படிக்காத அண்ணனும் ஒரே சாரத்தில் நின்று சுவருக்கு வெள்ளையடித்தால், அந்தப் பையனுக்கு எந்த உதவித்தொகையைக் காட்டிக் கல்லூரிக்கு அழைப்பது?

இங்கே பிரச்சினை குடியுரிமைச் சட்டத்தில் இருக்கிறது. இந்தியாவில் 1987 ஜூலை 1க்கு முன் பிறந்தவர் எவரும் பிறப்பாலேயே குடிமகன். அந்தத் தேதிக்குப் பிறகு பிறந்தவருக்குப் பெற்றோரில் ஒருவராவது இந்தியராக இருக்க வேண்டும். 2004 டிசம்பர் 3க்குப் பிறகு பிறந்தவருக்கு, மற்றொருவர் சட்டவிரோதக் குடியேறியாக இருக்கக் கூடாது என்ற நிபந்தனையும் சேர்ந்தது. 1986இல் மண்டபம் முகாமில் பிறந்த ஒரு பெண், உயர் நீதிமன்றம் வரை போய் இந்தியப் பாஸ்போர்ட் பெற்று, 2024 மக்களவைத் தேர்தலில் திருச்சியில் வாக்களித்தார். இன்று கல்லூரி வயதில் இருக்கும் முகாம் பிள்ளைகள் ஒருவருக்கும் அந்த முன்னுதாரணம் உதவாது, அவர்கள் எல்லாரும் தேதிக்குப் பின்னால் பிறந்தவர்கள். 2019ஆம் ஆண்டின் குடியுரிமைத் திருத்தச் சட்டத்தில் இலங்கை இடம்பெறவில்லை. 2015 ஜனவரி 9 வரை வந்து பதிவு செய்துகொண்ட இலங்கைத் தமிழருக்கு, பாஸ்போர்ட்டும் விசாவும் இல்லாததற்கான தண்டனைப் பிரிவுகளிலிருந்து 2025இல் ஒன்றிய அரசு விலக்கு அளித்தது. சிறைப் பயம் நீங்கியது நல்ல மாற்றம். ஆனால் அதைக் காட்டி யாரும் வேலைக்குச் சேர முடியாது.

குடியுரிமை டெல்லியின் கையில் இருக்கிறது. அதுவரை மாநில அரசு தன் கைக்கு எட்டியதைச் செய்யலாம். பொறியியலில் ஐம்பது பேர் என்ற வரம்பை நீக்கலாம். உதவித்தொகையை ஆண்டுக்கு ஒருமுறை கொடுப்பதற்குப் பதிலாக மாதந்தோறும் மாணவரின் கணக்கில் போடலாம். தங்கிப் படிக்கும் அனுமதி கல்லூரி திறக்கும் நாளுக்குள் கைக்கு வருமாறு செய்யலாம். தமிழ்நாட்டில் இயங்கும் நிறுவனங்களோடு பேசி, முகாம் அடையாள அட்டையையும் மறுவாழ்வுத் துறையின் சான்றையும் பணி நியமனத்துக்குப் போதுமான ஆவணமாக ஏற்கவைக்கலாம். முதலீட்டாளர்களை அழைத்து ஒப்பந்தம் போடும் அரசுக்கு அந்த ஒப்பந்தங்களில் இதற்கென ஒரு வரி சேர்ப்பது பெரிய காரியமல்ல. முகாம்களில் இன்று பட்டத்தோடு இருப்பவர்கள் எத்தனை பேர், என்ன வேலையில் இருக்கிறார்கள் என்ற முழுக் கணக்கை எடுத்து வெளியிடுவதிலிருந்து அந்த வேலையைத் தொடங்கலாம்.